யாரிடம் சொல்வது? – தாஸ்தயேவ்ஸ்கியின் ஓர் அத்தியாயமும் பாவசங்கீர்த்தனமும்

தாஸ்தயேவ்ஸ்கியின் 'பிசாசுகள்' நாவலில் 'தீகோனிடம்' என்றோர் அத்தியாயம் உண்டு. உண்டு என்பதைவிட, எழுதப்பட்டது, பின் இல்லாமற் போனது, பிறகு வந்து சேர்ந்தது என்று சொல்வதே சரி. 1871-72இல் நாவல் ஒரு ரஷ்யச் சஞ்சிகையில் தொடராக வந்தபோது அதன் ஆசிரியர் கத்கோவ் இந்த அத்தியாயத்தைப் போட மறுத்துவிட்டார். திருத்தி எழுதிக் கொடுத்தும் மறுத்தார். 1873இல் நாவல் புத்தகமானபோதும் அது சேர்க்கப்படவில்லை. தாஸ்தயேவ்ஸ்கி 1881இல் இறந்தார். அத்தியாயம் 1922இல்தான் அச்சேறியது. ஒரு பாவசங்கீர்த்தனம் ஐம்பது வருடம் வெளிவாசலில் காத்து நின்றது எனலாம்.

சம்பவம் சிறியது. ஸ்தாவ்ரோகின் என்ற பிரபுகுல இளைஞன் மடமொன்றில் ஓய்வாக இருக்கும் பிஷப் தீகோனைத் தேடிப் போகிறான். அவன் கையில் வெளிநாட்டில் இரகசியமாக அச்சடித்த சில தாள்கள். பீற்றர்ஸ்பேர்க்கில் தான் வாடகைக்கு இருந்த வீட்டுச் சிறுமி மத்ரியோஷாவைத் தான் கெடுத்ததை அதில் எழுதியிருக்கிறான். அச்சிறுமி ஒரு சின்ன அறைக்குள் போய்த் தூக்கிட்டுக்கொள்கிறாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்பதை ஊகித்தும் இவன் எழுந்து போகவில்லை. மணிக்கூட்டைப் பார்க்கிறான். ஜெரேனியச் செடியின் இலையில் ஊரும் சின்னஞ்சிறு சிவப்புச் சிலந்தியைப் பார்க்கிறான். இதற்கு முன், காணாமற்போன பேனாக்கத்திக்காக அந்தப் பிள்ளை தாயிடம் அடிவாங்கியபோது, கத்தி தன் கட்டிலில் கிடப்பதைக் கண்டும் பேசாமல் இருந்தவன் அவன். அதையும் எழுதியிருக்கிறான். எதையும் ஒளிக்கவில்லை. இந்தத் தாள்களை எல்லோருக்கும் அனுப்பப் போகிறேன் என்கிறான், பத்திரிகைகளுக்கும் பொலிசுக்கும்கூட.

வாசித்து முடித்த தீகோன் கேட்கும் கேள்வி விசித்திரமானது. இதில் சில திருத்தங்கள் செய்ய முடியாதா என்று கேட்கிறார், நடையில் கொஞ்சம். இதை ஒரு வயோதிபத் துறவியின் வெகுளித்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாள்களின் நடையிலேயே எழுதியவன் வாசகனை நோக்கி மார்தட்டுகிறான் என்பதைத் தீகோன் கண்டுகொண்டார். இவன் வாசகரின் வெறுப்பை எதிர்பார்க்கிறான், அதை விரும்பக்கூடச் செய்கிறான். ஆனால் வாசகர்கள் சிரித்துவிட்டால் இவனால் தாங்க முடியாது. ஆகவே அவர் சொல்லும் மருந்து நேரெதிரானது. அச்சிடாதே. எவருக்கும் தெரியாமல் ஒரு முதிய துறவியின் கீழ் ஐந்து வருடம், ஏழு வருடம் இரு. உடனேயே இன்னொன்றையும் கண்டு நடுங்குகிறார்: இந்தத் தாள்களை வெளியிடுவதிலிருந்து தப்ப இவன் இன்னுமொரு குற்றம் செய்யக்கூடும். ஸ்தாவ்ரோகின் அவரைச் சபிக்கப்பட்ட மனோதத்துவக்காரன் என்று ஏசிவிட்டு வெளியேறுகிறான். நாவலின் முடிவில் அவனும் தூக்கில்தான் தொங்குகிறான்.

இந்த அத்தியாயம் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அவற்றுள் ஜே. எம். கூற்சி 1985இல் எழுதிய கட்டுரை முக்கியமானது. ரூசோ, ரோல்ஸ்ரோய், தாஸ்தயேவ்ஸ்கி மூவரையும் எடுத்துக்கொண்டு, கடவுள் இல்லாத இடத்தில் செய்யப்படும் ஒப்புதலுக்கு முடிவே கிடையாது என்று அவர் வாதிக்கிறார். ஓர் உண்மையைச் சொன்னதும், அதை ஏன் சொன்னேன் என்ற சந்தேகம் வரும்; அதைச் சொன்னால் அதற்கடியில் வேறொன்று. வெங்காயம் உரிப்பது போலத்தான். நான் இதை ஏற்றுக்கொள்கிறேன். எனது கேள்வி வேறு. கத்கோவிலிருந்து கூற்சிவரை எல்லோரும் பார்ப்பது ஸ்தாவ்ரோகினைத்தான். அவன் உண்மையாக வருந்தினானா, அகந்தையில் வருந்தினானா என்பதுதான் விவாதம். மத்ரியோஷாவின் தாயை எவரும் பார்ப்பதில்லை. தீகோன் அந்தக் குற்றத்தின் பயங்கரத்தை முழுதாக உணர்ந்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொல்லும் பரிகாரமும் ஸ்தாவ்ரோகினின் ஆன்மாவுக்கு மட்டுமான வைத்தியம். மடம், முதிய துறவி, ஏழு வருடம். நீ போய் அந்தப் பெண்ணின் முன்னால் நில் என்று அவர் சொல்லவில்லை. செய்யாத திருட்டுக்குத் தன் பிள்ளையை அடித்த ஏழைப்பெண் அவள். அந்தக் கத்தி எங்கே கிடந்தது என்பதாவது அவளுக்குத் தெரியவேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. அந்த அத்தியாயத்தில் முதன்முதலில் பாவத்தை ஒப்புக்கொள்வது ஸ்தாவ்ரோகின் அல்ல, மத்ரியோஷாதான். அவள் காய்ச்சலில் தான் கடவுளைக் கொன்றுவிட்டதாகப் பிதற்றுகிறாள். கெடுக்கப்பட்டவள் பாவி என்று தன்னைச் சொல்லிக்கொண்டு சாகிறாள். கெடுத்தவன் பல வருடம் கழித்து, நல்ல கடதாசியில், அச்சில் சொல்கிறான். இந்த வரிசையை நான் பிறகு எமது விடயத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவன். இப்போது கோவிலுக்குப் போவதில்லை. சின்ன வயதில் மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புவார்கள். ஞானோபதேசத்தில் ஐந்து காரியங்கள் பாடமாக்கியிருந்தோம்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் தரும் பரிகாரத்தைச் செய்வது. என் பட்டியல் பெரும்பாலும் மாறாது. அம்மாவுக்குப் பொய் சொன்னேன், தம்பிக்கு அடித்தேன். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து சுவாமியார் ஒவ்வொரு முறையும் மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு வெளியே வரும்போது மனம் உண்மையிலேயே இலேசாகத்தான் இருக்கும், அதை இன்று கேலி செய்ய நான் தயாரில்லை. ஆனால் தம்பியிடம் போய்ச் சொல் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை பக்கத்து வளவில் மாங்காய் களவெடுத்ததைச் சொன்னபோது மட்டும், காசைக் கொண்டுபோய்க் கொடு என்றார். களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் களவுக்கு மன்னிப்பில்லை என்பது திருச்சபையின் பழைய போதனை. மாங்காய்க்கு இருந்த சட்டம் தம்பியின் கன்னத்துக்கு இருக்கவில்லை.

இது அந்தச் சுவாமியாரின் குறையல்ல. தாவீது அரசன் உரியாவின் மனைவியை எடுத்து, உரியாவைப் போர்முனையில் சாகவிட்டு, பின்னர் அழுது பாடியதாகச் சொல்லப்படும் சங்கீதத்திலேயே, தான் கடவுளுக்கு எதிராக மட்டுமே பாவம் செய்ததாகச் சொல்கிறான். உரியா எங்கே போனான்? கி.பி. 390இல் தெசலோனிக்காவில் தன் தளபதியைச் சனங்கள் கொன்றதற்குப் பழியாக ரோமச் சக்கரவர்த்தி தியோடோசியஸ் ஊரவர்களை வெட்டச் செய்தான். ஏழாயிரம் பேர் என்று எழுதுகிறார் தியோடொரெட். மிலான் பிஷப் அம்புரோஸ் அவனுக்குக் கடிதம் எழுதினார், தாவீதையே உதாரணம் காட்டினார். சக்கரவர்த்தி எல்லோர் முன்னிலையிலும் தவம் செய்து, அந்த வருட நத்தாருக்குத் திரும்பவும் சபையில் சேர்க்கப்பட்டான். அதிகாரத்தின் முன் திருச்சபை நிமிர்ந்து நின்ற கணம் என்று இதைக் கொண்டாடுவார்கள். கொண்டாடலாம். ஆனால் கண்ணீர் விழுந்தது மிலானில், பிணங்கள் விழுந்தது தெசலோனிக்காவில். மன்னிப்பு அரசனுக்கும் பிஷப்புக்கும் இடையில் முடிந்துவிட்டது.

அக்காலத்தில் கொலை, விபசாரம், விசுவாசத்தை மறுதலித்தல் போன்ற பெரும் பாவங்களுக்குப் பகிரங்கத் தவம்தான், அதுவும் ஞானஸ்நானத்துக்குப் பின் ஆயுளில் ஒரேயொரு முறை. திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய, இரகசியமான, ஒருவர் காதில் சொல்லும் முறை ஆறாம் நூற்றாண்டளவில் அயர்லாந்தின் துறவிகளிடமிருந்து பரவியது. அவர்கள் ஒவ்வொரு பாவத்துக்கும் இவ்வளவு தவம் என்று விலைப்பட்டியல் போலக் கைந்நூல்கள் எழுதி வைத்திருந்தார்கள். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தை எல்லோருக்கும் கடமையாக்கியது, கேட்ட இரகசியத்தை வெளிவிடும் குருவுக்குத் தண்டனையும் விதித்தது. 1551இல் திரெந்துச் சங்கம் மனஸ்தாபம், வெளிப்படுத்தல், பரிகாரம் என்று மூன்றாக அதை வரையறுத்தது. லூத்தரும் தனிப்பட்ட பாவசங்கீர்த்தனத்தை ஒழிக்கவில்லை; எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்லவேண்டும் என்ற கட்டாயத்தைத்தான் எதிர்த்தார். இவை எல்லோருக்கும் தெரிந்தவை, இதற்கு மேல் விரிக்கவில்லை.

நான் நிற்க விரும்புவது அந்த அயர்லாந்துக் கைந்நூல்களில். அவற்றைச் சரித்திர ஆசிரியர்கள் சிலர் நையாண்டி செய்வதுண்டு, இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் பாணும் தண்ணீரும் என்று கணக்குப் பார்க்கும் காட்டுமிராண்டிச் சட்டம் என்று. ஃபின்னியன், கொலும்பானுஸ் ஆகியோரின் பெயரால் வழங்கும் இரு நூல்களில் கொலை செய்த குருவுக்கு விதித்திருப்பதைப் பாருங்கள். பத்து வருடம் நாடு கடந்து வாழவேண்டும். திரும்பி வந்ததும் கொல்லப்பட்டவனின் தாய் தகப்பனிடம் போகவேண்டும். அவர்கள் உயிரோடிருந்தால், அவர்களுடைய மகனின் இடத்தில் தன்னை வைத்து, அவர்கள் கேட்பதையெல்லாம் தான் செய்வதாகச் சொல்லவேண்டும். அப்படிச் செய்யாதவன், கொலும்பானுஸின் நூற்படி, ஊருக்குத் திரும்பவே கூடாது. காயீனைப் போல அலைந்து திரியவேண்டியதுதான்.

இதைப் பல வருடங்களுக்கு முன் ஒரு நூலகத்தில் தற்செயலாக வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். புலம்பெயர்ந்து வாழ்பவன் எவனும் இதை வெறும் மத்தியகாலச் சட்டமாக வாசிக்க முடியாது. இங்கே நாடுகடத்தல் பரிகாரத்தின் முதற்பாதி மட்டும்தான். இரண்டாம் பாதி ஒரு வாசற்படியில் இருக்கிறது. குருவிடம் சொல்வது தொடக்கம், தாயிடம் போவது முடிவு. பிற்கால நூற்றாண்டுகளில் இந்த இரண்டாம் பாதிதான் கழன்று விழுந்து, மூன்று பிரியதத்தமாகச் சுருங்கியது என்பது என் எண்ணம். தண்டத்தைச் செபமாகவும் காசாகவும் மாற்றிக்கொள்ளும் வழக்கமும் அதே கைந்நூல்களின் மரபிலேயே வளர்ந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

சுவிசேஷத்திலும் இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. எரிக்கோவின் வரி வசூலிப்பவன் சக்கேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்தபோது பாவப்பட்டியல் எதுவும் வாசிக்கவில்லை. கணக்குச் சொல்கிறான்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நாலு மடங்கு. அதன் பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாகச் சொல்லப்படுகிறது. காணிக்கையைப் பீடத்திலேயே விட்டுவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகி வா என்பதும் மலைப்பிரசங்கத்தில் உள்ளதுதான். 1973இல் கத்தோலிக்கத் திருச்சபை சடங்கைத் திருத்தியமைத்தபோது ஒப்புரவு என்ற கருத்தை மையத்துக்குக் கொண்டுவந்தது. தமிழிலும் பாவசங்கீர்த்தனம் போய் ஒப்புரவு அருட்சாதனம் வந்தது. பழைய சொல்லின் பொருள் உரக்கச் சொல்லுதல். புதிய சொல்லைத் திருக்குறளின் அதிகாரத் தலைப்பிலும் காணலாம், அங்கே அது ஊருக்கு உதவி வாழ்வதைக் குறிக்கிறது. சொல் மாறியது நல்லதே. மரத்தடுப்புக்குள் மாறியதா என்பதைப் போகிறவர்கள்தான் சொல்லவேண்டும்.

தாஸ்தயேவ்ஸ்கிக்கும் இந்தக் கேள்வி விளங்காமல் இருக்கவில்லை. எட்டு ஒன்பது வருடம் கழித்து 'கரமாசவ் சகோதரர்க'ளில் இவான் அதையேதான் கேட்கிறான்: நாய்களை ஏவிப் பிள்ளையைக் கொன்றவனைத் தாய் தன் வேதனைக்காக மன்னிக்கலாம், பிள்ளையின் வேதனைக்காக மன்னிக்க அவளுக்கு உரிமையில்லை. அலியோஷாவின் பதில், எல்லாவற்றையும் மன்னிக்கும் உரிமை உள்ளவர் ஒருவர் இருக்கிறார், அவரே குற்றமில்லாத இரத்தத்தைக் கொடுத்தவர் என்பது. விசுவாசிக்கு அது பதில். விசுவாசம் இல்லாத எனக்கு அது பதிலல்ல, ஆனால் இவானின் கேள்வி மிஞ்சுகிறது.

பாதிக்கப்பட்டவர் முன்னால் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தென்னாபிரிக்காவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவைப் பேராயர் டெஸ்மண்ட் ருற்று தலைமை தாங்கி நடத்தினார், பாவசங்கீர்த்தனத்தின் சாயல் அதில் முழுக்க இருந்தது. ஆனால் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுமன்னிப்புக்கு வேண்டியது அரசியல் நோக்கமும் முழு உண்மையும்தான். மனஸ்தாபம் நிபந்தனையல்ல. 1997இல் பென்சியன் என்ற பொலிஸ்காரன், தான் வதைத்த ரோனி யெங்கெனி கேட்டுக்கொண்டபடி, நனைந்த பையால் மூச்சுத்திணறடிக்கும் முறையை எல்லோர் முன்னாலும் செய்து காட்டினான். பிறகு அவரையே பார்த்து, எவ்வளவு நேரத்தில் நீ உன் தோழரைக் காட்டிக்கொடுத்தாய் என்பது ஞாபகமிருக்கிறதா என்ற பாணியில் திருப்பிக் கேட்டான். வதை மண்டபத்துக்குள் இன்னொருமுறை நடந்தது. அவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஸ்தாவ்ரோகினின் தாள்களில் தீகோன் கண்ட அகந்தை நீதிமன்ற வெளிச்சத்திலும் உயிர்வாழும்.

இனி எமது விடயம். தமிழில் வாக்குமூலம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்குக் கோவில் ஞாபகம் வருவதில்லை. இலங்கையின் சாதாரணச் சான்றுச் சட்டம் பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை ஏற்காது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்ததை ஏற்றது. அடித்து வாங்கப்பட்ட, சிங்களத்தில் எழுதப்பட்ட, கையொப்பமிட்டவருக்கு வாசிக்கத் தெரியாத தாள்களில் எத்தனை வாழ்க்கைகள் போயின. இயக்கங்களும் இதில் பின்னிற்கவில்லை. மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களின் உடலில் அவர்களது 'குற்றங்கள்' மட்டையில் எழுதித் தொங்கின. வதைமுகாம்களில் கொல்லப்படுமுன் பொடியங்கள் எதையெதையோ ஒப்புக்கொண்டார்கள். எமது மண்ணில் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள் செத்தவர்களே. காய்ச்சலில் பிதற்றிய மத்ரியோஷாவின் வரிசை இது. கொன்றவர்கள் அப்போது எதையும் சொல்லவில்லை.

பிறகு சொன்னார்கள், சொல்கிறார்கள். அதன் இலக்கணத்தைக் கவனியுங்கள். தவறுகள் நடந்துவிட்டன, அப்படியொரு சூழல் நிலவியது, துன்பியல் சம்பவங்கள் இடம்பெற்றன. தமிழில் செய்தவனே இல்லாமல் ஒரு கொலையை வாக்கியமாக்க முடிகிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களைச் சில மணிநேர அவகாசத்தில் விரட்டியதை 2002இல் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் புலிகள் ஓர் அரசியல் தவறு என்று ஏற்றுக்கொண்டார்கள். தவறு என்பது கணக்கிலும் வரும். விரட்டப்பட்டவர்கள் அப்போது பன்னிரண்டு வருடமாகப் புத்தளத்து முகாம்களில் இருந்தார்கள். சொத்தில் பாதியும் நாலு மடங்கும் பற்றிய பேச்சே எழவில்லை. இயக்கத்தை எதிர்த்து வெளியேறிய நாங்கள், இந்தச் சஞ்சிகைகளில் எழுதுபவர்கள், இதைவிட மேலானவர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். 1985இலேயே கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' வந்துவிட்டதல்லவா, எங்களுக்குச் சுயவிமர்சனம் புதிதல்லவே என்று. அந்த நாவல் உட்கொலைகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, உயிராபத்தின் நடுவில் எழுதப்பட்டது. முப்பது வருடம் கழித்து ஐரோப்பாவில் இருந்து எழுதுவதை அதனோடு சேர்த்து எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இதை எழுதத் தூண்டிய காரணத்தைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய தோழர் தன் இயக்க அனுபவம் ஒன்றை எழுதி, சஞ்சிகையொன்றில் போடலாமா பார் என்று தந்தார். 1986இல் ஒரு பொடியனை வீட்டிலிருந்து கூட்டிப்போனபோது இவர் ஒழுங்கை முகப்பில் காவல் நின்றவர். பொடியன் திரும்பவில்லை. எல்லாவற்றையும் எழுதியிருந்தார், நாய் குரைத்தது, தாய் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு படலையடியில் நின்றது, தான் அந்நேரம் பீடி பற்றவைத்தது. நான் அன்றிரவே வாசித்துவிட்டுத் தொலைபேசியில் சொன்ன முதல் வார்த்தை: நடை நல்லாய் வந்திருக்கு. தீகோன் நடையில் குறை கண்டார். நான் பாராட்டினேன்.

இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அந்தத் தாய் இருக்கிறாவா என்று கேட்டேன். இருக்கிறா, அதே வளவில்தான், எண்பது தாண்டியிருக்கும் என்றார். அவவுக்குத் தெரியுமா? கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனி ஏன் மச்சான் அந்தக் கிழவிக்குப் பழசைக் கிளறுவான்?" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. அவர் சொன்னதில் இரக்கமும் இருந்திருக்கலாம். அவ மகன் வருவான் என்று இன்னும் காத்திருக்கிறாவா, அல்லது யார் காவல் நின்றது என்பது அவவுக்கு அன்றைக்கே தெரியுமா, எங்கள் இருவருக்கும் தெரியாது. தோழர் அதற்குப் பிறகு இரண்டு முறை ஊருக்குப் போய் வந்தார், கோவில் திருவிழாவுக்கும் ஒரு கலியாணத்துக்கும். அந்த ஒழுங்கைப் பக்கம் போனாரா என்று நான் கேட்கவில்லை.

கட்டுரை வெளிவரவில்லை. பிரதி என்னிடம்தான் இருக்கிறது, கையெழுத்தில் பதினேழு பக்கம். இதை எழுதுவதற்காக எடுத்துத் திரும்ப வாசித்தேன். அந்தப் பொடியனின் பெயர் ஒரேயொரு இடத்தில் வருகிறது, அதுவும் இயக்கப்பெயர். தாய் வைத்த பெயர் என்னவென்று தோழரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.